மஞ்சள் வெட்டுவார்கள், பருத்தி எடுப்பார்கள்

என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும். பொறியியல் படித்திருப்பார்கள், அலுவலகத்தில் நாள் முழுக்க மெயில் எழுதுவார்கள், ஆங்கிலப் படம் பார்ப்பார்கள். சொற்களுக்குக் குறைவில்லை. ஒரே பொருள் தருவதுபோலத் தோன்றும் நாலைந்து வினைச்சொற்களில் எதை எடுப்பது என்ற இடத்தில்தான் தயங்குகிறார்கள். தயங்கிவிட்டுப் பெரும்பாலும் கனமானதையே எடுக்கிறார்கள். ‘பை’ போதுமான இடத்தில் ‘பர்ச்சேஸ்’ வரும். ‘ஆஸ்க்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘என்கொயர்’ வரும், ‘ஸ்டார்ட்’ என்பது ‘கமென்ஸ்’ ஆகும். ஏன் இப்படி நடக்கிறது என்று யோசிப்பதும், அதைச் சரி செய்ய வழி தேடுவதும்தான் கோயம்புத்தூரில் இத்தனை வருடமாக என் பிழைப்பு.

காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 1980களில் ஆரம்பித்தேன். லோயர், ஹையர் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்கக் கற்றுக்கொடுப்பது வேலை. மாதிரிக் கடிதங்கள் மில் ஆபீஸிலிருந்தும் பவுண்டரி ஆபீஸிலிருந்தும் வரும். ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்பதைச் சொல்ல ‘வீ பெக் டு அக்னாலெஜ் தி ரிசீப்ட்’ என்று தொடங்கி ஒரு முழு வரி ஓடும். ஆள் அனுப்பச் சொல்ல ‘டெப்யூட்’ போடுவார்கள், தெரிவிக்கச் சொல்ல ‘இன்டிமேட்’. கலெக்டர் ஆபீஸ் கோப்பிலிருந்து மில்லுக்கு வந்து, மில்லிலிருந்து பம்ப்செட் கம்பெனிக்கு வந்து, அப்படியே தலைமுறை தலைமுறையாகக் காப்பி ஆன ஆங்கிலம் அது.

அந்த ஆபீஸ்களின் ஹெட் கிளார்க்குகள் தந்தி எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அங்கே ‘டெப்யூட்’ எழுதிய அதே மனிதர் ‘செண்ட் மேன்’ என்று எழுதினார். ‘இன்டிமேட்’ எழுதியவர் ‘டெல்’ என்று எழுதினார். தந்தி போய்ச் சேர்ந்தது, வேலையும் நடந்தது. சின்ன வினைச்சொல் அவருக்குத் தெரியாமல் இல்லை. கடிதம் என்ற மரியாதையான இடத்துக்கு அது போதாது என்று அவர் நம்பினார். 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே முடிந்துபோனது, ஆனால் அந்தக் கடித ஆங்கிலம் முடியவில்லை. மெயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதன் காரணத்தை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு பம்ப் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி. பல்லடம் பக்கத்துக்காரர். ஒரு டீலருக்கு அவர் எழுதிய மெயிலில் ‘கைண்ட்லி இன்டிமேட்’ இருந்தது. அதை அடித்துவிட்டு ‘ப்ளீஸ் டெல் அஸ்’ என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஏனுங் மேடம், ‘டெல்’னு போட்டா ‘சொல்லு’ன்னு ஆயிராதுங்ளா?”

கொங்கு நாட்டில் பிறந்த எவருக்கும் அந்தப் பயம் புரியும். எங்கள் பேச்சில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வாங்க, சொல்லுங்க, போயிட்டு வர்றனுங்க. அந்த ‘ங்க’ இல்லாமல் ஒரு வினைச்சொல்லை வாயிலிருந்து விட்டால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படி வால் கிடையாது. வால் இல்லாத சொல்லைக் கண்டு பயந்து, நீளமான சொல்லில் மரியாதையைத் தேடுகிறார்கள். ‘டெல்’ ஒரே அசை, ‘இன்டிமேட்’ மூன்று அசை. நீளம் கூடினால் பணிவும் கூடும் என்று ஒரு கணக்கு.

ஆங்கிலத்தில் மரியாதை வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். ‘குட் யூ டெல் அஸ்’ என்று எழுதினால் ‘சொல்ல முடியுங்களா’ என்று ஆகிவிடும். ‘குட்’டும் ‘வுட்’டும்தான் அங்கே நமது ‘ங்க’. அன்றிலிருந்து எந்த வகுப்பாக இருந்தாலும் முதல் பாடமாக இதைத்தான் வைக்கிறேன். இந்தப் பயம் தெளிந்தால் ‘ஆஸ்க்’, ‘கெட்’, ‘கிவ்’, ‘செண்ட்’ எல்லாம் தானாக வெளியே வருகின்றன. தெளியாதவரை எத்தனை பட்டியல் மனப்பாடம் செய்தாலும் கை ‘அப்டெய்ன்’ பக்கமே போகும். இந்தப் பெரிய சொற்களை அறியாமை என்று கேலி செய்யும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவை பண்பிலிருந்து வருகின்றன. அந்தப் பண்புக்கு ஆங்கிலத்தில் எங்கே இடம் என்று காட்டிவிடுவதுதான் ஆசிரியர் வேலை.

1990களின் நடுவில் திருப்பூருக்குப் போக ஆரம்பித்தேன். அந்த ஊரின் ஏற்றுமதிக் கதையை யாரிடம் கேட்டாலும் 1978இல் வந்த வெரோனா என்ற இத்தாலிய வியாபாரியிலிருந்து தொடங்குவார்கள். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. நான் போனபோது பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசர் என்ற புது வேலை பெருகிக்கொண்டிருந்தது. சாயத்துக்கு ஒப்புதல் வாங்கும் சின்னத் துணித் துண்டான லேப் டிப் அனுப்புவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மென்ட் வரை பையரோடு பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தப் பையர்களில் பலர் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. இரண்டு பக்கமும் கற்றுக்கொண்ட ஆங்கிலம். அப்படிப்பட்ட இடத்தில் கனமான சொல் எதிராளிக்குப் புரியாமலே போகும் என்பது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, தமிழில் ஒன்றாக இருக்கும் வினைச்சொல் ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிந்து நிற்கும் இடங்கள்.

‘ஒத்துக்கொள்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது திருப்பூரில் பணம் தின்னும். விலையை ஒத்துக்கொள்வது ‘அக்ரீ’. கொடுத்ததை ஒத்துக்கொண்டு வாங்குவது ‘அக்செப்ட்’. தப்பை ஒத்துக்கொள்வது ‘அட்மிட்’. ஒரு பனியன் கம்பெனியில் சாயத்தின் ஷேட் மாறிவிட்டதாகப் பையர் மெயில் அனுப்பினார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது டையிங்கில் வந்ததா, அவர்கள் ஒப்புதல் கொடுத்த லேப் டிப்பிலேயே இருந்ததா என்று இன்னும் பார்க்கவில்லை. மெர்ச்சன்டைசராக இருந்த பெண் பதமாகப் போகலாம் என்று நினைத்து, வித்தியாசம் இருப்பதை ஒத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் ‘வீ அட்மிட்’ என்று எழுதிவிட்டாள். பையர் பக்கத்தில் அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். அடுத்த மெயிலில் டெபிட் நோட் வந்தது, தொகையும் போட்டு. ‘வீ சீ தி டிஃபரன்ஸ், வீ ஆர் செக்கிங்’ என்று எழுதியிருந்தால் பேசுவதற்கு இடம் இருந்திருக்கும். ‘சீ’, ‘செக்’, இரண்டும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்.

‘எதிர்பார்’ இன்னொன்று. தமிழில் அது மென்மையான சொல். ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்’ என்றால் பணிவு. அதை ‘எக்ஸ்பெக்ட்’ என்று எழுதினால் ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற அதட்டல் ஏறிவிடுகிறது. மேலதிகாரி கீழே இருப்பவரிடம் பேசும் சொல் அது. ‘ஹோப்’ என்றால் ஆசை. ‘வெயிட்’ என்றால் காத்திருப்பது. ‘லுக் ஃபார்வர்ட்’ என்றால் மகிழ்ச்சியோடு காத்திருப்பது. நான்கும் நமக்கு ‘எதிர்பார்’தான். பாக்கித் தொகை கேட்டு ‘வீ எக்ஸ்பெக்ட் யுவர் பேமென்ட்’ என்று மெயில் போட்டுவிட்டு, நல்லாப் பேசிட்டிருந்த பையர் ஏன் திடீரென்று விறைத்துக்கொண்டார் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

ஷிப்மென்ட் தள்ளிப்போகும்போது ‘வீ வில் டிலே’ என்று எழுதுவதும் அப்படித்தான். ‘நாங்கள் வேண்டுமென்றே தாமதம் செய்யப் போகிறோம்’ என்று அது படும். கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பி அந்தச் செலவை ஏற்றுமதி செய்பவரே ஏற்க வேண்டிவரும் ஊரில், தாமதம் பற்றிய ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுகிறோம் என்பது சின்ன விஷயமாக இருக்காது. சரக்கை எழுவாயாக வைத்து, எத்தனை நாள் பிந்தும் என்று நேராக எழுதச் சொல்வேன்: ‘தி குட்ஸ் வில் பி ஃபைவ் டேஸ் லேட்.’ வினைச்சொல்லே ‘பி’தான். இதைவிடச் சின்னது ஆங்கிலத்தில் இல்லை.

வகுப்பில் எல்லோரும் ஒரு புத்தகம் கேட்பார்கள். நான் சொந்தமாகப் படித்தவற்றில் எனக்குக் கண் திறந்தவை சில. ஆக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களுக்குள் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். அதில் வினைச்சொல் என்று வைத்தது 18 மட்டும். கம், கோ, கெட், கிவ், புட், டேக், கீப், லெட் என்று அந்த வரிசை போகும். அதை வைத்துக்கொண்டே வாழ முடியாது, ஆனால் 18 எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் படிக்கத் திணறுவதைப் பார்த்து எளிய சொற்களில் வாசக நூல்கள் செய்தார். 1953இல் அவர் பெயரில் வந்த பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். 1978இல் வந்த லாங்மேன் அகராதி ஏறக்குறைய அந்த அளவு சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியது. பிறகு 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் குழு கொண்டுவந்த கோபில்ட் அகராதி. மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டிப் பார்த்துச் செய்தது. ஒரு வினைச்சொல்லை முழு வாக்கியத்தில் வைத்து, யார், எதை, எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று காட்டும். நம் ஊரில் அதுவரை ஓடிய புத்தகங்கள் ‘பை’க்கு நேரே ‘பர்ச்சேஸ்’ போட்டு நடுவில் ஒரு சமக்குறி வைத்திருந்தன. அந்தச் சமக்குறி செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனாலும் இந்தப் புத்தகங்களை விட எனக்குப் பெரிய பாடம் கோபிசெட்டிபாளையத்திலும் சத்தியமங்கலத்திலும் கிடைத்தது. அங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாரக் கடைசி வகுப்பு எடுத்தேன். ‘டூ’ எங்கே, ‘மேக்’ எங்கே, ‘டேக்’ எங்கே என்று ஒரு விதி சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். ஹோம்வொர்க்குக்கு ‘டூ’, மிஸ்டேக்குக்கு ‘மேக்’, போட்டோவுக்கு ‘டேக்’. மூன்றையும் ‘பண்ணு’ அல்லது ‘எடு’ என்று முடித்துவிடும் வாய்க்கு இது அநியாயமாகப் பட்டது. பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். நான் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். உங்க தோட்டத்துல அறுவடைன்னா என்ன சொல்லுவீங்க?

ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நெல் அறுப்போம். மஞ்சள் வெட்டுவோம். பருத்தி எடுப்போம். கடலைக்காய் பிடுங்குவோம். மல்லி பறிப்போம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன், தேங்காய் போடுவோம் என்றான். மஞ்சளைப் பறிப்பீங்களா என்றேன், சிரித்தார்கள். பருத்தியை அறுப்பீங்களா என்றேன், அதற்கும் சிரிப்பு. இதற்கு விதி என்ன, எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வேலைகளைச் செய்கிறவர்கள் நடுவில் வளர்ந்ததால் வினைச்சொல்லும் பயிரும் சேர்ந்தே காதில் விழுந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இது அத்தனைக்கும் ‘ஹார்வெஸ்ட்’ என்று ஒரே சொல் போதும். அந்த இடத்தில் நாம் பணக்காரர்கள், ‘பண்ணு’ இருக்கும் இடத்தில் அவர்கள் பணக்காரர்கள். அன்றிலிருந்து ‘மேக்’கைத் தனியாக எழுதிப் போடுவதில்லை. ‘மேக் எ மிஸ்டேக்’, ‘மேக் எ கால்’, ‘மேக் டீ’ என்று பயிரோடு சேர்த்தே எழுதுகிறேன்.

யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பார்த்து வினைச்சொல்லைப் பிரிக்கும் பழக்கமும் நமக்குப் பழையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ மூன்றுக்கும் இடம் சொல்லியிருக்கிறது. தாழ்ந்தவன் கேட்கும்போது ‘ஈ’, சமமானவன் கேட்கும்போது ‘தா’, உயர்ந்தவன் கேட்கும்போது ‘கொடு’. வருவதும் தருவதும் பேசுகிறவனையும் கேட்கிறவனையும் நோக்கி நடப்பவை, போவதும் கொடுப்பதும் மூன்றாம் ஆளை நோக்கி நடப்பவை என்றும் அதே அதிகாரத்தில் பிரிவு இருக்கிறது. ‘பிரிங்’, ‘டேக்’ குழப்பத்தோடு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். என்னிடம் அல்லது உங்களிடம் கொண்டு வந்தால் ‘பிரிங்’, இங்கிருந்து வேறெங்கோ கொண்டு போனால் ‘டேக்’. தமிழாசிரியர்கள் சிலர் இந்த உதாரணத்துக்காகவே என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பார்க்கும் பார்வையில் அந்நியம் குறைந்துவிடுகிறது, அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2000க்குப் பிறகு சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் கட்டடங்கள் எழும்பின. 2010 வாக்கில் விளாங்குறிச்சிச் சாலையில் டைடல் பார்க் வந்தது. கால் சென்டர்களில் உச்சரிப்புக்குத்தான் பெரிய சம்பளத்தில் ஆள் போட்டார்கள், வினைச்சொல்லை யாரும் கவனிக்கவில்லை. பையன்கள் அமெரிக்கத் தொனியில் ‘ஐ வில் ரிவர்ட் பேக்’ என்றார்கள். ‘பதில் சொல்கிறேன்’ என்ற பொருளில் நம் நாட்டு அலுவலகங்களில் அது செல்லும். அந்தப் பக்கம் இருக்கும் பாட்டிக்கு ‘பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறேன்’ என்று கேட்கும். ‘கால் யூ பேக்’ என்று மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசை இல்லை. குரலைத் திருத்தினார்கள், மொழியைத் தொடவில்லை.

இப்போது போனே மெயில் எழுதித் தருகிறது. எழுத்துப் பிழை இருப்பதில்லை, இலக்கணம் சுத்தம். ஆனால் ‘யூட்டிலைஸ்’, ‘ஃபெசிலிடேட்’ என்று பழைய ஹெட் கிளார்க் மறுபடியும் நாற்காலிக்கு வந்துவிட்டதுபோல இருக்கிறது. அதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. அது எழுதித் தந்ததை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். எதிரே ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். வாய் தயங்கும் வினைச்சொல் ஒவ்வொன்றையும் ‘யூஸ்’, ‘ஹெல்ப்’ என்று மாற்றிவிட்டு அனுப்பச் சொல்கிறேன்.

கடைசிச் சில வருடமாக என் வகுப்பில் அதிகம் இருப்பவர்கள் நர்சுகள். அந்தியூர், தாராபுரம், நாமக்கல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017இல் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும் ஏற்றுக்கொண்ட பிறகு அதற்கு வருகிறவர்கள் கூடினார்கள். ‘வாமிட்’, ‘யூரினேட்’, ‘கொலாப்ஸ்’ எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நோயாளி அப்படிப் பேசமாட்டார். ‘த்ரூ அப்’ என்பார், வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். ‘பாஸ்ட் அவுட்’ என்பார், மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். நம் ஊரில் படிப்பு முடித்ததைத்தான் அப்படிச் சொல்வோம். ‘ஐ நீட் டு கோ’ என்று கட்டிலில் இருந்து ஒரு வயதானவர் சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கலாம், பாத்ரூம் போக வேண்டும் என்றும் இருக்கலாம். எது என்று அந்த நிமிடத்தில் தெரிய வேண்டும். இங்கே பாடம் திரும்பிவிட்டது. இத்தனை நாள் சின்ன வினைச்சொல்லைப் பேச வைக்கப் பாடுபட்டேன், இவர்களுக்கு அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

முன்பு படித்துவிட்டு இங்கிலாந்து போன அந்தியூர்ப் பொண்ணு ஒருத்தி, வார்டில் காதில் விழுந்த வினைச்சொற்களை வாட்ஸ்அப்பில் எனக்குப் பதிவு செய்து அனுப்புகிறாள். யார் சொன்னார்கள் என்று இருக்காது. எந்த வலிக்கு, எந்த நேரத்தில், எப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் இருக்கும். ‘கேன் யூ சிட் மி அப்’, ‘ஐ காண்ட் கீப் எனிதிங் டவுன்’, ‘இட்ஸ் கம்மிங் அண்ட் கோயிங்’. கடைசியில் சொன்னது வலியைப் பற்றி. இந்த மாதம் தொடங்கும் வகுப்புக்கு அவள் அனுப்பியவைதான் பாடம்.